டோனர் போட்ட எல்லை

ஸ்கேலக்காவின் கைப்பையில் சீப்பு இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. எஃகு அளவுகோல் நிச்சயம் இருக்கும். பையின் வாயைத் தாண்டி அது தலையை நீட்டிக்கொண்டிருப்பதால், பேருந்தில் எவ்வளவு கூட்டமாக இருந்தாலும் அவருக்கு வலப்பக்கம் மட்டும் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் காலியாகவே வரும். திரைச்சீலைக்குத் துணி வாங்கப் போனால் கடைக்காரர் அளந்து வெட்டிய பிறகு இவர் ஒருமுறை அளப்பார். கடைக்காரர் முகம் போகும் போக்கைப் பார்த்துவிட்டு, "உங்களை நம்பாம இல்லீங்க, என்னையே நான் நம்ப மாட்டேன்" என்று சமாதானம் சொல்வார். பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் பத்திரமாக இருக்கிறது. மற்ற எல்லா இடத்திலும் அவர் ஸ்கேலக்காதான். அவரைவிட வயதில் மூத்தவர்களுக்கும்.

நகர அலுவலகத்தின் வரைபடப் பிரிவில் அவர் வரைவாளர். பழைய படத்தைப் பார்த்துப் புதிய படம் போடுவது வேலை. அந்தப் பிரிவுக்கென்று ஒரு தர்மம் உண்டு. தாளில் இருப்பதை விடக்கூடாது, தாளில் இல்லாததைச் சேர்க்கக்கூடாது, இரண்டுக்கும் நடுவில் யோசிக்கக்கூடாது. யோசிப்பதற்கு மேலே ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குத் தனி அறையும் மின்விசிறியும் கொடுத்திருக்கிறார்கள். ஸ்கேலக்காவுக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் இந்தத் தர்மத்தில் கரைகண்டவர். பழைய படத்தின் மேல் யாரோ தேநீர்க் கோப்பையை வைத்த வட்டக் கறையை அப்படியே நகலெடுத்து, உள்ளே நீல நிறம் பூசிக் குளமாக்கினார். அதைத் தூர்வாரத் தீர்மானம் நிறைவேறி, ஆட்கள் மண்வெட்டியோடு போய், இரண்டு தெருக்களைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். குளம் ஆக்கிரமிக்கப்பட்டிருக்கிறது என்று குறிப்பு எழுதிக் கோப்பை மூடினார்கள்.

இந்தப் பரம்பரையில் வந்தவர் ஸ்கேலக்கா என்பதை வாசகர் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நகரத்தின் மூலப்படம் மடிப்புகளில் கிழிந்து, தொட்டால் உதிரும் நிலைக்கு வந்தபோது, புதுப்படம் போட உத்தரவானது. மூலப்படத்தின் ஒவ்வொரு தாளையும் அலுவலகத்தின் பெரிய லேசர் இயந்திரத்தில் நகலெடுத்து, நகல்களை மேலும் கீழுமாக ஒட்டி, அதன்மேல் டிரேசிங் தாளை விரித்துக் கையால் வரைய வேண்டும். அந்த இயந்திரம் நகலும் எடுக்கும், அச்சும் போடும். கோபம் வந்தால் இரண்டையும் மறுக்கும். எல்லோரும் அதை பிரிண்டர் என்றே சொல்வார்கள்.

நகல்களில் கரும்புள்ளிகள் இருந்தன. மிளகளவு. தாளின் இடப்பக்கத்தில், ஒன்றின் கீழ் ஒன்றாக, சம இடைவெளியில், வடக்கிலிருந்து தெற்காக. ஒரு தாள் முடிந்து அடுத்த தாளிலும் தொடர்ந்தன. படத்தின் குறியீட்டு விளக்கத்தை ஸ்கேலக்கா புரட்டினார். இடைவெளி விட்ட கரும்புள்ளிகள் என்றால் வார்டு எல்லை என்று போட்டிருந்தது. அவ்வளவுதான். பேனாவை எடுத்தார், புள்ளி வைத்தார்.

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. வடக்கு வார்டுகள் இரண்டுக்கும் நடுவில் எல்லை எங்கே போகிறது என்பது பழைய படத்தில் மங்கி மறைந்து நெடுங்காலம் ஆகிவிட்டது. எங்கோ போகிறது என்பதில் மட்டும் எல்லோரும் ஒத்துப்போனார்கள். குப்பை அள்ளுவதில் இரண்டு வார்டு அலுவலகங்களும் அது உங்கள் பக்கம், இது உங்கள் பக்கம் என்று விட்டுக்கொடுத்தபடியே இருந்தன. இப்போது எல்லை பளிச்சென்று, கருகருவென்று, ஆட்சேபிக்க முடியாத நேர்க்கோட்டில் வந்து நின்றதும் பிரிவு அலுவலர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

"பாத்தீங்களாம்மா, அந்தக் காலத்து ஆளுங்க எவ்வளவு ஒழுங்கா எல்லை போட்டிருக்காங்க! ஒரு புள்ளி முன்ன பின்ன இல்ல."

"ஆமா சார். எல்லாம் ஒரே அளவு."

"நம்மளால முடியுமா இப்படி?"

"முடியாது சார்" என்றார் ஸ்கேலக்கா, உண்மையிலேயே வருந்தி.

அலுவலர் பச்சை மையில் கையெழுத்துப் போட்டார். படம் நடைமுறைக்கு வந்தது.

ஸ்கேலக்காவின் வீடு இரண்டு அறை. கணவர் லாரி ஓட்டுபவர். வீட்டில் இருப்பதைவிடச் சாலையில் இருப்பது அதிகம் என்பதால் ஓர் அறை போதும் என்று, மற்ற அறையைத் தங்கைக்கும் தங்கையின் கணவருக்கும் கொடுத்திருந்தார். மாப்பிள்ளை கடைசல் பட்டறை வைத்திருக்கிறார். இருவரும் சேர்ந்து ஒரு சின்ன வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். சுவர் எழும்பிவிட்டது. மேலே தளம் போட வேண்டும், அதற்கு நகர அலுவலகத்தின் அனுமதி வேண்டும். மழைக்காலம் வருவதற்குள் தளம் போடாவிட்டால் பூசாத சுவரெல்லாம் ஊறிப்போகும் என்று மேஸ்திரி சொல்லியிருந்தார். மழை வருமா வராதா என்று தங்கை தினமும் வானத்தைப் பார்ப்பாள். பார்த்துவிட்டு அக்காவைப் பார்ப்பாள். வானத்தையும் நகர அலுவலகத்தையும் ஒரே ஆள்தான் நடத்துகிறார் என்பது போல இருக்கும் அந்தப் பார்வை.

அனுமதி கேட்ட மனு திரும்பி வந்தது. வீடு இரண்டு வார்டுகளில் இருக்கிறது, ஆகவே இந்த வார்டு அலுவலகம் அனுமதி தர இயலாது, அந்த வார்டு அலுவலகத்தை அணுகவும். அந்த வார்டு அலுவலகத்துக்குப் போனார் மாப்பிள்ளை. அவர்கள் பாதி வீட்டுக்கு அனுமதி கொடுக்கத் தங்களிடம் விதி இல்லை என்றார்கள். முழு வீடாகக் கொண்டுவந்தால் பரிசீலிக்கலாம்.

"அடுப்படி ஒரு வார்டு, படுக்கிற ரூம் ஒரு வார்டாம்" என்றாள் தங்கை, தட்டை டொக்கென்று வைத்து. "சமைச்சதை எடுத்துட்டு எல்லை தாண்டிப் போய்ச் சாப்பிடணுமா நாங்க? இந்த எல்லையை எந்தப் புண்ணியவான் போட்டான்னு தெரிஞ்சா, நேராப் போய்க் கேட்டுட்டு வந்துடுவேன்."

ஸ்கேலக்கா தண்ணீர் குடித்தார்.

"அண்ணி, நீங்க அந்தப் பிரிவுலதான இருக்கீங்க?" என்றார் மாப்பிள்ளை, மிக மரியாதையாக.

"இருக்கேன்."

"அப்ப யாரு போட்டதுன்னு தெரியுமே?"

"நான்தான் போட்டேன்" என்றார் ஸ்கேலக்கா. தாளில் இருப்பதை விடக்கூடாதல்லவா.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்ததை விவரிப்பது நாகரிகமாகாது. சுருக்கமாக: தங்கை அன்று அக்காவோடு பேசவில்லை. பேசாமலே நிறையச் சொன்னாள். பாத்திரங்கள் சொல்லின, கதவுகள் சொல்லின.

மறுநாள் ஸ்கேலக்கா தன் பணிக்காலத்திலேயே செய்திராத ஒரு காரியத்தைச் செய்தார். யோசித்தார்.

நகல்களை விரித்து எஃகு அளவுகோலை வைத்து அளந்தார். புள்ளிக்கும் புள்ளிக்கும் ஒன்பதரை சென்டிமீட்டர். அடுத்ததும் அதே. எல்லாத் தாள்களிலும் அதே. எல்லை மேட்டில் ஏறினாலும் ஓடையில் இறங்கினாலும் ஒன்பதரை. எல்லை போட்ட பழைய காலத்து ஆட்கள் ஒழுங்கானவர்கள்தான், ஆனால் இவ்வளவுக்கா? பக்கத்து மேசையில் கிடந்த ஒரு விடுப்பு விண்ணப்பத்தைத் தற்செயலாகப் பார்த்தார். அதே இயந்திரத்தில் அச்சிட்டது. வயிற்றுவலி காரணமாக என்ற வரிக்குப் பக்கத்தில் ஒரு கரும்புள்ளி. கீழே இன்னொன்று. அளந்தார். ஒன்பதரை.

வார்டு எல்லை ஒருவருடைய வயிற்றுவலிக்குள்ளும் புகுந்து போய்க்கொண்டிருந்தது.

பிரிண்டர் பழுது பார்ப்பவரை அலுவலகத்தில் டாக்டர் என்பார்கள். இயந்திரத்தின் மூடியைத் திறந்து டார்ச் அடித்து உச்சுக் கொட்டிவிட்டு, உறவினர்களை வெளியே நிற்கச் சொல்வது போல் எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்வதால் வந்த பெயர். அவர் வந்ததும் ஸ்கேலக்கா நகலைக் காட்டினார்.

"டோனரை, அந்த மைப்பொடியைக் குலுக்கினா சரியாயிடும்க்கா."

குலுக்கினார். அடுத்த தாள் முழுக்கச் சாம்பல் பூத்து வந்தது. புள்ளிகள் சாம்பலுக்குள்ளும் கம்பீரமாக நின்றன.

"சரி, துடைச்சா சரியாயிடும்."

தன் சட்டை முனையால் எதையோ துடைத்தார். அடுத்த தாளில் புள்ளிகளோடு நெடுகிலும் ஒரு மெல்லிய கோடும் சேர்ந்து வந்தது.

"தம்பி, இப்ப ரயில் பாதையும் போட்டுட்டீங்க" என்றார் ஸ்கேலக்கா.

டாக்டருக்குக் கொஞ்சம் ரோஷம் வந்தது. ரோஷம் வந்ததும் மூளையும் வந்தது. "இருங்க, முறையாப் பாப்போம். புள்ளி எங்கேயிருந்து வருதுன்னு முதல்ல தெரியணும். மூலப்படத்துல இருக்கலாம், படம் வைக்கிற கண்ணாடியில அழுக்கு இருக்கலாம், இல்ல உள்ள கோளாறா இருக்கலாம். படத்தை நேரா வெச்சு ஒண்ணு எடுங்க. அப்புறம் தலைகீழாத் திருப்பி வெச்சு ஒண்ணு எடுங்க. படம் திரும்பும்போது புள்ளியும் கூடவே திரும்பினா, அது படத்துல இருக்குன்னு அர்த்தம். படம் திரும்பியும் புள்ளி தாள்ல அதே பக்கத்துல நின்னா, படத்து மேல தப்பில்ல."

ஸ்கேலக்கா நகரத்தைத் தலைகீழாக வைத்து மூடியை மூடினார். தாள் வந்தது. தெருக்கள் எல்லாம் திரும்பியிருந்தன. புள்ளிகள் மட்டும் தாளின் அதே இடப்பக்கத்தில் அசையாமல் நின்றன. அதாவது எல்லை இப்போது நகரத்தின் மறுபக்கத்தில், முன்பு அது எட்டியே பார்க்காத தெருக்களின் வழியாகப் போனது.

"படத்துல இல்லக்கா!"

"அப்ப கண்ணாடியா?"

"அதுக்கும் ஒரு வழி இருக்கு. கண்ணாடிப் பக்கமே போக வேண்டாம். கம்ப்யூட்டர்லேருந்து வெறும் பக்கத்தை அச்சடிங்க."

வெறும் பக்கம் வந்தது. ஓர் எழுத்து இல்லை. தெரு இல்லை, வீடு இல்லை, ஓடை இல்லை. நான்கு கரும்புள்ளிகள் மட்டும், ஒன்றின் கீழ் ஒன்றாக. ஆளில்லாத பூமியில் வார்டு எல்லை.

"உள்ளே ஒரு உருளை இருக்கு, டிரம்முன்னு சொல்லுவோம்" என்றார் டாக்டர். "டோனர் அதுல ஒட்டித்தான் தாளுக்கு வரும். சைக்கிள் டயர்ல பபிள்கம் ஒட்டிக்கிச்சுன்னா, சக்கரம் ஒரு சுத்து சுத்தினதும் தரையில ஒரு தடவை பதியும்ல? அதே கதை. டிரம்ல ஒரு கீறல். டிரம்மோட சுற்றளவு ஒன்பதரை. சுத்துக்கு ஒரு புள்ளி. நான் முதல்லயே சொன்னேனே."

"நீங்க குலுக்கணும்னு சொன்னீங்க."

"அதுவும் சொன்னேன்."

டிரம்மைக் கழற்றிக் கீறலைக் காட்டினார். நகத்தால் கிள்ளினது போல ஒரு சின்ன வடு. ஊதினால் போகுமா என்று பார்த்தார், போகவில்லை. அதை ஜன்னல் மேடையில் வெயிலில் வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார். வெயில் பட்டால் டிரம்முக்குக் கண் கூசிவிடும் என்பது அவருக்குத் தெரியும். ஜன்னல் மேடையில் வெயில் அடிக்கும் என்பதுதான் தெரியவில்லை. திரும்ப மாட்டி ஒரு தாள் எடுத்தபோது நகரத்தின் குறுக்கே பட்டை பட்டையாக இருட்டு விழுந்திருந்தது. இரண்டு வார்டுகளும் ஒரே சமயத்தில் மறைந்தன. "ராத்திரி மாதிரி இருக்கு, கொஞ்சம் தூங்கினா சரியாயிடும்" என்று டிரம்மைத் துணியில் சுற்றி அலமாரிக்குள் வைத்தார். ஸ்கேலக்காவுக்கு நம்பிக்கை போய்விட்டது. ஆனால் அதுவே நடந்தது. டிரம் தூங்கி எழுந்ததும் இருட்டு விலகியது. புள்ளிகள் தெளிந்த முகத்தோடு திரும்பி வந்தன.

"புது டிரம் போட்டாத்தான் போகும்" என்று சொல்லிவிட்டு டாக்டர் கிளம்பினார்.

ஸ்கேலக்கா வெறும் தாளை எடுத்துக்கொண்டு பிரிவு அலுவலர் அறைக்குப் போனார்.

"சார், அந்த வார்டு எல்லை எல்லை இல்ல. டோனர்."

அலுவலர் வெறும் தாளை வெகுநேரம் பார்த்தார். "இது எந்தப் பகுதிம்மா?"

"எந்தப் பகுதியும் இல்ல சார், வெறும் தாள்."

"வெறும் தாள்லயே இவ்வளவு தெளிவா விழுதா?" என்றார் அலுவலர், மரியாதை கலந்த குரலில்.

"மிஷின்ல கோளாறு சார். புது டிரம் வாங்கணும். கோளாறு இருக்குன்னு நீங்க எழுதிக் கொடுத்தா ஸ்டோர்ல கொடுப்பாங்க."

அலுவலர் பேனாவை எடுத்தார். மூடியைத் திறந்தார். மறுபடி மூடினார். அறிவாளிகளுக்கு ஆபத்து தூரத்திலேயே தெரியும். "மிஷின்ல கோளாறுன்னு நான் எழுதினா, அந்த மிஷின்ல வந்த படத்துல கோளாறுன்னு ஆகும். படத்துல கோளாறுன்னா அதுல கையெழுத்துப் போட்டது யாரு?"

"நீங்க சார்."

"அப்ப மிஷின்ல கோளாறு இருக்க முடியுமா?"

ஸ்கேலக்கா இதை இருக்கைக்குத் திரும்பும் வழியெல்லாம் மனதுக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எந்தப் பக்கம் வைத்து அளந்தாலும் சரியாக இருந்தது. சரியாக இருந்தது, ஆனால் தப்பாக இருந்தது.

இதற்குள் எல்லை வேர்விட ஆரம்பித்திருந்தது. தங்கை வீடு கட்டும் தெருவில் எதிரெதிர் வரிசைக்காரர்கள் அதுவரை ஒரே குழாயடியில் நின்று ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்வார்கள். இப்போது "அந்த வார்டு ஆளுங்க" என்று தள்ளி நின்று திட்டினார்கள். அந்த வார்டு ஆட்கள் எப்போதுமே கொஞ்சம் அழுத்தமானவர்கள் என்று தெருமுனைத் தையற்காரர் ஸ்கேலக்காவிடம் விளக்கினார். "ரத்தத்திலேயே அப்படிங்க. எங்கப்பா சொல்லுவாரு, எல்லைக்கு அந்தப் பக்கம் பொண்ணு எடுக்கக்கூடாதுன்னு."

"எந்த எல்லை?"

"இதாங்க, இந்த எல்லை. ரொம்பப் பழசுங்க."

ஸ்கேலக்கா ஒரு கணம் டிரம்மின் வயதை யோசித்தார். இயந்திரம் வாங்கியது அவருக்கு நன்றாக நினைவிருந்தது. தையற்காரரின் அப்பா அதற்கு வெகுகாலம் முன்பே காலமாகிவிட்டார். எனக்குத்தான் ஏதோ புரியவில்லை என்று முடிவு செய்து நடந்தார்.

வீட்டில் தங்கை பேச ஆரம்பித்திருந்தாள். பேசாமல் இருந்ததே தேவலை.

"மேகம் வந்தாச்சு. பாத்தியா?"

"பாத்தேன்."

"சுவர் நனைஞ்சா நான் உன் வீட்டை விட்டுப் போக மாட்டேன், சொல்லிட்டேன். சாகுற வரைக்கும் இங்கதான். மாமா வந்தா லாரியிலேயே படுத்துக்கட்டும்."

"டிரம்முதான் காரணம்னு கண்டுபிடிச்சிட்டேன்டி."

"யாரு டிரம் அடிச்சா எனக்கென்ன? எனக்குத் தளம் போடணும்."

"ஒரு புள்ளியை அழிக்க முடியாதா அண்ணி? ஒரே ஒரு புள்ளி" என்றார் மாப்பிள்ளை. "எங்க வீட்டு மேல இருக்கிறது மட்டும். ரப்பர் வெச்சு லேசா..."

"தாள்ல இருக்கிறதை எப்படி எடுக்குறது மாப்பிள்ளை?"

"தாள்ல இல்லாததுன்னு நீங்கதான சொல்றீங்க?"

இருப்பது, இல்லாதது என்று வாழ்நாளெல்லாம் ஸ்கேலக்கா இரண்டு பெட்டிகள் வைத்திருந்தார். அச்சாகி வந்த பிறகும் இல்லாததாகவே இருக்கும் ஒன்றைப் போட மூன்றாவது பெட்டி இல்லை.

அந்தச் சமயத்தில்தான் இரண்டு வார்டு அலுவலகங்களும் தங்களுக்கு மூலப்படத்தின் பிரதி வேண்டும் என்று கேட்டன. புதிதாக நகலெடுத்துக் கட்டி அனுப்ப உத்தரவு. டாக்டர் வைத்தியம் பார்த்தபோது எடுத்த தாள்கள் ஸ்கேலக்காவின் மேசையில் அடுக்கு அடுக்காகக் கிடந்தன: சாம்பல் பூத்தது, ரயில் பாதை போட்டது, இருட்டு விழுந்தது, நேராக எடுத்தது, தலைகீழாக எடுத்தது. அவற்றிலிருந்து நல்லவற்றைப் பொறுக்கி, இல்லாதவற்றைப் புதிதாக எடுத்து, ஒட்டி, மடித்துக் கட்டினார். அவரைப் போல் கவனமானவர் இல்லை. ஆனால் அன்று காலை வீட்டை விட்டுக் கிளம்பும்போது முதல் தூறல் விழுந்திருந்தது, தங்கை வாசலில் நின்று உள்ளங்கையை நீட்டி ஒரு துளியை ஏந்தி அவர் முகத்துக்கு நேரே காட்டியிருந்தாள். அந்த நிலையில் யாருக்கும் கை தடுமாறும். வடக்குப் பகுதித் தாள் எதை எடுத்தார், எப்படித் திருப்பி ஒட்டினார் என்பதைப் பின்னால் பலர் அவரிடம் கேட்டார்கள். அவருக்கே தெரியவில்லை என்பதுதான் உண்மை. தெரியாமல் நடந்தது என்று சத்தியம் செய்யவும் அவருக்குத் துணிவு வரவில்லை.

பிரிவு அலுவலருக்கு ஒரு வழக்கம். எந்தப் படம் கையெழுத்துக்கு வந்தாலும் முதலில் தன் வீடு எங்கே என்று தேடிப் பார்ப்பார். படத்தில் வேறு எதையும் அவர் பார்ப்பதில்லை, பார்க்கச் சொல்லி விதியும் இல்லை. அன்றும் தேடினார். கண்டுபிடித்தார். பிறகு மணியை அழுத்தினார். விரலை எடுக்கவில்லை.

ஸ்கேலக்கா ஓடினார்.

"என்னம்மா இது?"

வார்டு எல்லை தெற்கிலிருந்து நல்லபடியாக வந்து, அந்தத் தாளில் மட்டும் திடீரென்று நகரத்தைத் தாண்டிக் குதித்து மறுபக்கம் போய், ஒரு மாடி வீட்டின் நட்டநடுவில் மிளகு போல உட்கார்ந்திருந்தது.

"வார்டு எல்லை சார்."

"இது என் வீடும்மா! என் கட்டில் ஒரு வார்டுலயும் குளியலறை ஒரு வார்டுலயுமா? மாடிப்படி எந்த வார்டு? நான் வீட்டுக்கு மேல ஒரு ரூம் எடுக்கலாம்னு இருக்கேன், எவன்கிட்ட போய் அனுமதி கேக்கறது?"

"ரெண்டு வார்டுலயும் கேக்கணும் சார். ரெண்டு பேரும் தர மாட்டாங்க" என்றார் ஸ்கேலக்கா. அனுபவத்தில் சொன்னார்.

அலுவலர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். புள்ளியை உற்றுப் பார்த்தார். மேலே உள்ள புள்ளியைப் பார்த்தார், கீழே உள்ளதைப் பார்த்தார். கையை நீட்டி ஸ்கேலக்காவின் அளவுகோலை வாங்கித் தானே அளந்தார். அவர் முகத்தில் மெல்ல ஞானம் பரவியது.

"ஏம்மா, இது எல்லையே இல்ல. இது டோனர்! எல்லாம் ஒரே இடைவெளி, பாருங்க. மிஷின்ல ஏதோ உருளை கிருளை கெட்டுப்போயிருக்கு."

"அதைத்தான் சார் நான் அன்னைக்கு..."

"அன்னைக்கு நீங்க தெளிவாச் சொல்லல. வெறும் தாளைக் கொண்டாந்து நீட்டினா யாருக்குப் புரியும்? இந்த மாதிரி விளக்கமாக் காட்டியிருந்தா அப்பவே முடிச்சிருக்கலாமே. இதனால பொதுமக்கள் யாருக்காவது சிரமம் ஏற்பட்டிருக்கா?"

"என் தங்கச்சிக்கு சார். தளம் போட அனுமதி நிக்குது."

"அடடா" என்றார் அலுவலர், உண்மையான பரிதாபத்தோடு. ஒரே புள்ளியால் அடிபட்டவர்களுக்குள் உண்டாகும் பாசம் அது. "இன்னைக்கே கொடுத்துடலாம். நீங்க ஸ்டோருக்குப் போய் டிரம்மை வாங்கிட்டு வாங்க, நான் எழுதித் தரேன். வார்டு ஆபீஸ்ல பேசி அனுமதியை நானே பாத்துக்கறேன்."

ஸ்டோர் நகரத்தின் மறுகோடியில். ஸ்கேலக்கா மழையில் நனைந்தபடி டிரம்மை வாங்கி, வெளிச்சம் படக்கூடாது என்று கைக்குழந்தையைப் போல் துணியில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு திரும்புவதற்குள் அலுவலர் தன் வாக்கைக் காப்பாற்றியிருந்தார். உதவியாளரை எதிர்பார்க்காமல் தானே எழுந்து போய், தானே இயந்திரத்தின் மூடியைத் திறந்து, தங்கையின் வீட்டுத் திட்டப்படத்தை நகலெடுத்து, அங்கீகரிக்கப்பட்டது என்று முத்திரை குத்தி, பச்சை மையில் கையெழுத்திட்டு மாப்பிள்ளையின் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார். அந்த அலுவலகத்தின் சரித்திரத்தில் ஓர் அனுமதி அவ்வளவு வேகமாக வெளியே போனதில்லை.

புது டிரம் மாட்டப்பட்டது. வெறும் தாள் வெறும் தாளாகவே வந்தது. ஸ்கேலக்கா அதை ஜன்னல் வெளிச்சத்தில் நெடுநேரம் பிடித்துப் பார்த்தார். அன்று அவர் வீட்டில் எல்லோரும் ஒரே வார்டில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

மழை இரண்டு நாள் தூறிவிட்டு யோசித்து விலகியது. அந்த இடைவெளியில் மேஸ்திரி ஆட்களைத் திரட்டித் தளம் போட்டு முடித்தார். ஸ்கேலக்காவுக்கு அப்போது எல்லைப் புள்ளிகளை ஒவ்வொன்றாக ரத்து செய்யும் வேலை. ஒவ்வொரு புள்ளிக்கும் தனித்தனியாகக் கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது. ஆகவே பலகைகள் பிரித்த பிறகுதான் வீட்டைப் பார்க்கப் போனார்.

வாசலைத் தாண்டியதும் நின்றார். முற்றத்தில் தனியாக ஒரு கான்கிரீட் தூண் நின்றது. மேலே ஒன்றும் இல்லை. வானத்தைத் தாங்கிக்கொண்டிருந்தது. உள்ளே போனார். அடுப்படியின் நட்டநடுவில், அடுப்புக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் இடையில், இன்னொரு தூண்.

"மேஸ்திரி, இது என்ன?"

"தூணுங்க."

"எதுக்கு?"

"பிளான்ல இருக்குங்களே" என்று மேஸ்திரி மடியிலிருந்து அங்கீகரிக்கப்பட்ட படத்தை எடுத்து விரித்தார். வீட்டுத் திட்டப்படத்தில் கறுப்புப் புள்ளி என்றால் தூண் என்பது கட்டட வேலை தெரிந்த யாருக்கும் தெரியும். நான்கு புள்ளிகள். ஒன்று சுவருக்குள் போய்விட்டது. ஒன்று அடுப்படியில். ஒன்று முற்றத்தில். நான்காவது பக்கத்து மனைக்குள் விழுந்திருந்தது. "அதை மட்டும் பக்கத்து மனைக்காரரு விட மாட்டேன்னுட்டாரு. எனக்கும் வெளியில எதுக்குத் தூணுன்னு கொஞ்சம் குழப்பமாத்தான் இருந்துச்சு. ஆனா மேல கையெழுத்துப் போட்டிருக்காங்களே, நமக்குத் தெரியாத கணக்கு ஏதாவது இருக்கும்ல?"

ஸ்கேலக்கா பையிலிருந்து அளவுகோலை எடுத்தார். படத்தில் வைத்தார். அளக்காமலே திரும்பப் பைக்குள் போட்டார்.

தங்கை அடுப்படியில் தூணைச் சுற்றிக்கொண்டு வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. தூணில் ஏற்கனவே ஆணி அடித்துக் கரண்டிகளை வரிசையாக மாட்டியிருந்தாள். மாப்பிள்ளை முற்றத்துத் தூணுக்கும் ஜன்னல் கம்பிக்கும் இடையில் கொடி கட்டி ஈரச் சட்டைகளைக் காயப் போட்டுக்கொண்டிருந்தார்.

"அக்கா, மேஸ்திரி சொன்னாரு, இந்தத் தெருவுலயே இவ்வளவு பலமான வீடு கிடையாதாம். பூகம்பம் வந்தாக்கூட அடுப்படி அப்படியே நிக்குமாம்." தங்கை அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் என்னென்னவோ பேசிட்டேன் உன்னை. நீதான் ஆபீஸ்ல சொல்லி, தூண் எல்லாம் தனியாப் போட வெச்சிருக்கேன்னு இவரு சொன்னாரு. ஒரு வார்த்தை சொல்லலையே எங்கிட்ட. நிஜமா நீதானே?"

ஸ்கேலக்கா தூணைப் பார்த்தார். கை வைத்துப் பார்த்தார். குளிர்ச்சியாக, கெட்டியாக இருந்தது. மறுக்க முடியாதபடி அது அங்கே இருந்தது.

"ம்" என்றார்.